காவிரி டெல்டாவில் ஓடப் பழகுகிறவர்களுக்கு: ஆறு, பாலம், நாய், கடிதம்

தஞ்சாவூருக்கு மாற்றலாகி வந்த முதல் மே மாதம், ஊருக்கு வடக்கே வயல் நடுவே போகும் ஒரு கிராமத்து ரோட்டில் 8 கிமீ ஓடி, கடைசியில் காய்ந்து கிடந்த ஆற்றை மணலிலேயே கடந்து அக்கரையில் டவுன் பஸ் பிடித்துத் திரும்புகிற ஓர் அருமையான வழியைக் கண்டுபிடித்தேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓடினேன். நடுவில் ஊருக்குப் போய்விட்டு ஜூன் கடைசியில் அதே வழியில் ஓடிவந்து கரையில் ஏறிப் பார்த்தால், மணல் இருந்த இடத்தில் கரைக்குக் கரை தண்ணீர் சுழித்துக்கொண்டு போகிறது. எதிர்க்கரையில் நான் பிடிக்க வேண்டிய பஸ் ஹாரன் அடித்துவிட்டுக் கிளம்புகிறது. மாடு ஓட்டிக்கொண்டு வந்த அம்மா ஒருவர், "கிழக்கால போங்க தம்பி, பாலம் இருக்கு" என்றார். எவ்வளவு தூரம் என்று கேட்டதற்கு "இந்தா, கிட்டத்தான்" என்றார். 5 கிமீ இருந்தது.

இந்த ஊர் மேடு பள்ளம் இல்லாத சமதளம், ஓடுவதற்கு இதைவிடச் சுலபமான இடம் இருக்க முடியாது என்று நினைத்துத்தான் நானும் ஆரம்பித்தேன். கால்களுக்குச் சுலபம்தான். ஆனால் எங்கே ஓடலாம், எப்போது ஓடலாம், எப்படித் திரும்பலாம் என்பதையெல்லாம் தண்ணீர் தீர்மானிக்கிறது. அது புரிய எனக்கு ஒரு வருடம் ஆயிற்று, ஒரு நாய்க்கடியும் ஆயிற்று. வேலைக்காகவோ படிப்புக்காகவோ இந்தப் பக்கம் புதிதாக வந்து, ஷூவை மாட்டிக்கொண்டு கரையில் இறங்கலாம் என்று யோசிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. முதலில் மேட்டூர்ச் செய்தியைப் பாருங்கள்

கேலி இல்லை. மேட்டூர் அணையை வழக்கப்படி ஜூன் 12-ல் திறப்பார்கள், ஜனவரி 28-ல் மூடுவார்கள். திறந்த தண்ணீர் கல்லணைக்கு வந்து சேர மூன்று நான்கு நாள் ஆகும். அங்கிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரித்து விடுவார்கள். ஆனால் தேதியை நம்பி உட்கார முடியாது. 2022-ல் மே 24-லேயே திறந்துவிட்டார்கள், 2024-ல் ஜூலை 28 வரை இழுத்தது. கடைமடைக்கு, அதாவது ஆற்றின் கடைசிப் பாசனப் பகுதிக்கு, போய்ச் சேர இன்னும் நாளாகும், ஆற்றுக்கு ஆறு முறை வைத்து மாற்றித் தண்ணீர் விடும்போது ஒரு வாரம் ஓடுகிற ஆறு அடுத்த வாரம் வற்றிக் கிடக்கும்.

இதனால் உங்களுக்கு என்ன? ஆற்று மணலைக் கடக்கிற எந்த வழியையும் நிரந்தர வழியாக வைத்துக்கொள்ளாதீர்கள். அதிலும் கொள்ளிடம். வருடத்தில் பெரும்பாலான நாள் அது அகலமான வெள்ளை மணல்வெளி, காலை வெயிலில் அழகாக இருக்கும், ஓடலாம் என்று கால் பரபரக்கும். வெள்ளக்காலத்தில் உபரி நீர் முழுவதையும் முக்கொம்பிலும் கல்லணையிலும் அதில்தான் திறந்து விடுவார்கள். மணல் அள்ளிய பள்ளங்கள் வேறு, தண்ணீர் நின்றால் ஆழம் தெரியாது. கீழே அணைக்கரைப் பக்கம் முதலைகளும் உண்டு. கொள்ளிடத்தைக் கரையிலிருந்து பார்த்தால் போதும்.

மாதவாரியாகச் சொன்னால்: பிப்ரவரி, மார்ச்தான் தங்கம். கரை காய்ந்திருக்கும், காலையில் லேசான குளிர் இருக்கும். ஏப்ரல், மே மாதங்களில் தண்ணீர் வருவதற்குள் தூர்வாரும் வேலையை முடிக்க வேண்டும் என்று கரையெல்லாம் பொக்லைனும் டிப்பர் லாரியுமாக இருக்கும், வாரிய மண்ணைப் பாதையிலேயே குவித்திருப்பார்கள். ஜூலை முதல் செப்டம்பர் வரை பரவாயில்லை. அக்டோபர் பாதியிலிருந்து டிசம்பர் வரை மண் கரைகளை மறந்துவிடுங்கள். இந்த ஊர்க் களிமண் ஒரு மழைக்கே ஷூவில் அப்பிக்கொண்டு காலுக்கு அரைக்கிலோ ஏறிவிடும், அதற்குமேல் வழுக்கும். அந்த மூன்று மாதமும் தார் ரோடுதான்.

2. தூரத்தை அளப்பதற்கு முன் பாலங்களை எண்ணுங்கள்

கரை நேராகப் போய்க்கொண்டே இருக்கும். போவது பிரச்சினையே இல்லை, திரும்புவதுதான் பிரச்சினை. இங்கே ஆறுகள் ஏறக்குறைய ஒன்றுக்கொன்று இணையாகக் கிழக்கே போகின்றன. தஞ்சாவூரிலிருந்து திருவையாறு போனால் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்தைக் கடக்க வேண்டும். ஒரு கரையில் போய் மறுகரையில் திரும்பலாம் என்று மனதில் போடுகிற கணக்கு, இரண்டு பக்கமும் பாலம் இருந்தால்தான் நடக்கும்.

நான் செய்வது இதுதான்: போனில் வரைபடத்தைச் செயற்கைக்கோள் காட்சியில் வைத்து, வீட்டுக்கு அருகில் இருக்கும் பாலம், அதற்கு அடுத்த பாலம், இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம், இவற்றை ஒரு தாளில் எழுதிக்கொள்வேன். சாதாரண வரைபடத்தை நம்ப வேண்டாம். அது சில இடங்களில் மணலில் வண்டி போன தடத்தையே பாதை என்று காட்டும். ரெகுலேட்டர், சட்ரஸ் என்று இங்கே சொல்லும் கதவணைகளையும் பாலம் மாதிரியே காட்டும். சிலவற்றின் மேல் நடந்து கடக்கலாம், சிலவற்றைப் பூட்டி வைத்திருப்பார்கள்.

இன்னொரு ஏமாற்று, வாய்க்கால். படத்தில் மெல்லிய நீலக் கோடாகத் தெரியும், குதித்துத் தாண்டிவிடலாம் என்று தோன்றும். நேரில் பத்தடி அகலத்தில் ஆகாயத்தாமரை மூடிக் கிடக்கும். அதைத் தாண்ட ஒரு தென்னைமரத்தைப் போட்டிருப்பார்கள். ஊர்க்காரர்கள் தலையில் புல்லுக்கட்டோடு அதில் நடந்து போவார்கள். நீங்கள் முயற்சி செய்ய வேண்டாம், நான் செய்து பார்த்துவிட்டேன்.

3. எங்கே தொடங்கலாம்

முதல் மாதம் முழுவதும் புது ஆறு. கல்லணைக் கால்வாயைத்தான் ஊரில் அப்படிச் சொல்கிறார்கள். பெரிய கோயிலுக்குப் பக்கத்திலேயே, ஊருக்குள்ளேயே ஓடுகிறது. ஊரை விட்டு வெளியே வந்ததும் கரையில் வண்டி போகிற அளவுக்குப் பாதை இருக்கிறது. போன வழியே திரும்பி வர வேண்டும், அவ்வளவுதான், குழப்பம் கிடையாது. ஒரே எச்சரிக்கை: பல இடங்களில் உள்சரிவுக்குக் கான்கிரீட் போட்டிருக்கிறார்கள். தண்ணீர் வேகமாக ஓடும்போது அதில் விழுந்தால் பிடித்து ஏற ஒரு செடிகூட இருக்காது. பாதையின் வெளிப்பக்கமாகவே ஓடுங்கள். அந்தத் தண்ணீரில் இறங்கி முகம் கழுவுகிற ஆசையெல்லாம் வேண்டாம்.

அடுத்தது பள்ளியக்கிரகாரத்தில் தொடங்கி வெண்ணாற்றுக் கரையில் மேற்கே. தென்பெரம்பூர்ப் பக்கம் வெட்டாறு பிரிகிற இடம் வரை போனால் நல்ல நீளம் கிடைக்கும், ஆனால் அதை ஆறு மாதம் ஓடிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள். வழியில் கடை என்று சொல்ல அதிகம் இல்லை.

நீண்ட தூரத்துக்கு என் விருப்பம் திருவையாற்றிலிருந்து திருக்காட்டுப்பள்ளி, கல்லணைத் திசையில் காவிரியை ஒட்டிப் போகிற ரோடு. வாழைத்தோப்பும் படித்துறையுமாக நிழல் இருக்கிறது, பஸ்ஸும் ஓடுகிறது. களைத்துப்போன இடத்தில் நின்று கையைக் காட்டினால் ஏற்றிக்கொள்வார்கள். தஞ்சாவூரிலிருந்து திருவையாறு வரை உள்ள மெயின் ரோட்டில் மட்டும் ஓடாதீர்கள். பஸ்ஸில் போய் அங்கிருந்து தொடங்குங்கள்.

கும்பகோணத்துக்காரர்களுக்கு வடக்கே காவிரி, தெற்கே அரசலாறு. சுவாமிமலை போய் வருகிற வழியில் பாலங்கள் நெருக்கமாக இருப்பதால் வட்டமாக ஓட வாய்ப்பு அதிகம். நான் அங்கே இரண்டு முறைதான் ஓடியிருக்கிறேன், அதனால் அளந்து சொல்லவில்லை.

4. ஓடுவதற்கு முன் ஒரு முறை வண்டியில் போங்கள்

இதைத் தவிர்க்கவே கூடாது. டூவீலரில், பகலில், மெதுவாக. 50 ரூபாய் பெட்ரோல் ஆகும். என்ன பார்க்க வேண்டும் என்றால்: கரைப்பாதை எங்கே முள்வேலி போட்டு முடிகிறது, ஆட்டுக்கிடையும் வாத்துக்கிடையும் எங்கே, செங்கல் சூளை எங்கே (நாய் அங்கேதான்), சுடுகாடு எங்கே, டீக்கடை எத்தனை மணிக்குத் திறக்கும். கரையில் நீர்வளத்துறை லஸ்கர் (மதகையும் கரையையும் பார்த்துக்கொள்ளும் ஊழியர்) யாராவது நின்றால் இரண்டு நிமிடம் பேசுங்கள். தண்ணீர் எப்போது விடுவார்கள், எந்த இடத்தில் கரை உள்வாங்கியிருக்கிறது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரிந்த அளவுக்கு எந்தச் செயலிக்கும் தெரியாது.

டீக்கடையில் ஒரு டீ குடித்துவிட்டு, "ஞாயிற்றுக்கிழமை காலையில இந்தப் பக்கம் ஓட வருவேன்" என்று சொல்லி வையுங்கள். இது மரியாதைக்கு மட்டுமல்ல. முன்பின் தெரியாத ஆள் விடியற்காலை இருட்டில் டார்ச்சோடு ஓடினால் ஊர் என்ன நினைக்கும்? முதல் மாதம் என்னை நிறுத்தி "யாரு துரத்துறா?" என்று கேட்டவர்கள் உண்டு, "பஸ்ஸு போயிடுச்சா, ஏறுங்க" என்று வண்டியை நிறுத்தியவர்களும் உண்டு. இப்போது அந்தக் கடையில்தான் என் பையையும் மாற்றுச் சட்டையையும் வைத்துவிட்டுப் போகிறேன்.

வயல் வரப்பில் ஓடலாமா என்று கேட்பீர்கள். கூடாது. அது ஒருவருடைய வேலை செய்யும் இடம். நண்டு வளை இருக்கும், கால் வைத்தால் வரப்பு சரியும், மடை உடைந்தால் அவருக்கு நஷ்டம். எலிக்கும் பன்றிக்கும் திருட்டுத்தனமாக மின்கம்பி கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள், அதில் மனிதர்கள் செத்திருக்கிறார்கள். கரை, வண்டிப்பாதை, தார் ரோடு, இந்த மூன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

5. நேரம்

ஜூனில் ஆறு மணிக்குச் சற்று முன்னாலேயே சூரியன் வந்துவிடும், ஜனவரியில் ஆறரையைத் தாண்டும். வெளிச்சம் வந்த பிறகு தொடங்கி ஏழரைக்குள் முடிப்பது நல்லது. முழு இருட்டில் கரையில் ஓடாதீர்கள். பாம்பு ஒரு காரணம். இன்னொரு காரணத்தை யாரும் சொல்ல மாட்டார்கள், நான் சொல்லிவிடுகிறேன்: விடியும் முன் ஆற்றங்கரை பலருக்குக் காலைக்கடன் கழிக்கும் இடம், முக்கியமாகப் பெண்களுக்கு. டார்ச் அடித்துக்கொண்டு நீங்கள் அங்கே போய் நிற்கக் கூடாது. ஊரை ஒட்டிய கரையை விட்டுவிட்டு, தாண்டிப் போன பிறகு கரையில் ஏறுங்கள்.

காற்றையும் கணக்கில் எடுங்கள். ஆடி மாதம் மேற்கிலிருந்து அடிக்கிற காற்று சமதளத்தில் தடுப்பே இல்லாமல் நெஞ்சில் அறையும். கிழக்கே போகும்போது நம்மை நாமே பெரிய ஓட்டக்காரர் என்று நினைத்துக்கொள்வோம், திரும்பும்போது தெரியும். ஆடியில் மேற்கே பார்த்துத் தொடங்கினால் களைத்துத் திரும்பும்போது காற்று முதுகைத் தள்ளும். வெயில் அப்போது கண்ணில் அடிக்கும், தொப்பி வேண்டும்.

அறுவடைக் காலத்தில், குறிப்பாகத் தை, மாசியில், கிராமத்து ரோட்டில் பாதி நெல்லுக்குத்தான். காயப் போட்ட நெல்லை மிதிக்காதீர்கள், சுற்றிப் போங்கள். நெல்லை அள்ளிய பிறகும் ஓரத்தில் அணைத்து வைத்த கற்களை அப்படியே விட்டுவிடுவார்கள், அரை இருட்டில் என் கட்டைவிரல் நகம் அப்படித்தான் போனது. டிராக்டரின் கேஜ் வீலிலிருந்து (சேற்று வயலுக்கு மாட்டும் இரும்புச் சக்கரம்) உதிர்ந்து காய்ந்த மண்கட்டிகளும் கணுக்காலைப் பிசகவைக்கும்.

ஓடவே கூடாத நாட்களும் உண்டு. ஆடிப்பெருக்கு, ஆடி அமாவாசை, தை அமாவாசை நாட்களில் படித்துறைகளில் நிற்க இடம் இருக்காது. ஜனவரியில் தியாகராஜர் ஆராதனை நடக்கும் நாட்களில் திருவையாற்றுப் பக்கமும் அப்படித்தான்.

6. செலவு

ஷூவுக்கு 3,000 முதல் 5,000 ரூபாய் வரை வைத்துக்கொள்ளுங்கள். இங்கே மலைப்பாதைக்கான ஷூ தேவையில்லை, அடிப்பகுதியில் ஓரளவு பள்ளம் உள்ள சாதாரண ஓட்ட ஷூ போதும். பட்டையான மெல்லிய அடிப்பகுதி வேண்டாம், நெருஞ்சியும் சீமைக்கருவேல முள்ளும் உள்ளே வந்துவிடும். நெற்றியில் கட்டும் டார்ச் எனக்கு 600 ரூபாய் ஆயிற்று. தண்ணீர் பாட்டில் இடுப்பில் கட்டுவதற்கு 400. ஜிபிஎஸ் கைக்கடிகாரம் முதல் ஆறு மாதத்துக்கு அவசியமே இல்லை, போன் போதும்.

திரும்பி வர டவுன் பஸ்ஸுக்கு 20 ரூபாய்க்குள் முடிந்துவிடும். சில்லறையாக, ஒரு சின்ன பிளாஸ்டிக் கவரில், வியர்வை படாமல் வையுங்கள். நனைந்த நோட்டை நடத்துனர் வாங்க மாட்டார். பெண்களுக்குச் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் டிக்கெட் இலவசம், அதனால் ஒரு பக்கம் ஓடி மறுபக்கம் பஸ்ஸில் திரும்பும் வழிகள் என் மனைவிக்கு என்னைவிட லாபம். எல்லா பஸ்ஸிலும் அது கிடையாது, தனியார் பஸ்ஸிலும் மினி பஸ்ஸிலும் காசு கொடுக்க வேண்டும்.

தார் ரோட்டில் வண்டி எதிரே வருவது தெரியும்படி வலது ஓரமாக ஓடுங்கள். மினி பஸ்கள் அசுர வேகத்தில் வரும்.

7. பாக்கெட்டில் இருக்க வேண்டியவை

ஒரு சிறிய அட்டை: பெயர், ரத்த வகை, வீட்டில் இருப்பவரின் போன் எண், மருந்து ஒவ்வாமை இருந்தால் அது. லேமினேட் செய்ய 30 ரூபாய். ஆதார் நகல் ஒன்று. ரோந்து போலீஸ் ஒருமுறை என்னை நிறுத்திக் கேட்டார்கள், காட்டியதும் "சரி, பார்த்து ஓடுங்க சார்" என்று அனுப்பிவிட்டார்கள். அது இல்லாமல் அரை டிராயரோடு ஆற்றங்கரையில் நின்று விளக்கம் சொல்வது கஷ்டம்.

மணல் வண்டிகள் நிற்கிற இடத்தில் போனை வெளியே எடுக்காதீர்கள். நீங்கள் உங்கள் நேரத்தைத்தான் பார்க்கிறீர்கள், ஆனால் படம் எடுக்கிறீர்கள் என்று நினைத்துவிட்டால் வம்பு. தலையைக் குனிந்துகொண்டு தாண்டிப் போய்விடுங்கள்.

நாற்பதைத் தாண்டியவர்கள், சர்க்கரை அல்லது ரத்த அழுத்தம் உள்ளவர்கள், தொடங்கும் முன் மருத்துவரைப் பார்த்து இசிஜி எடுத்துவிடுங்கள். அந்தத் தாள் வீட்டில் இருக்கட்டும்.

அவசர எண்கள் 108, 112, பெண்களுக்கு 181. தமிழ்நாடு காவல்துறையின் 'காவல் உதவி' செயலியையும் ஏற்றிவையுங்கள். போன் பண்ணினால் "எங்கே இருக்கீங்க?" என்பதுதான் முதல் கேள்வி. "ஆற்றங்கரை" என்று சொன்னால் எந்த ஆறு, எந்தக் கரை? பல மதகுகளில் பெயரோ எண்ணோ பெயிண்டில் எழுதியிருக்கும். கடைசியாகத் தாண்டிய மதகையும் அருகிலுள்ள ஊர்ப் பெயரையும் மனதில் வைத்துக்கொண்டே ஓடப் பழகுங்கள்.

8. நாயும் பாம்பும்

நாய் துரத்தினால் ஓடக் கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும், துரத்தும்போது மறந்துவிடும். நின்று, நடையாக மாறி, குனிந்து கல் எடுப்பதுபோல் செய்தால் பெரும்பாலானவை நின்றுவிடும். கிடை காவல் நாய் மட்டும் நிற்காது, அதைத் தூரத்திலேயே பார்த்துத் திரும்பிவிடுங்கள். நான் திரும்பவில்லை.

கடித்துவிட்டால் முதல் வேலை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுவது. மஞ்சள், மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். அன்றைக்கே ஊசி. அரசு மருத்துவமனையில் இலவசம், முதல் நாள், 3, 7, 28 என்று வரச் சொல்வார்கள். ரத்தம் வந்த காயமென்றால் இம்யூனோகுளோபுலின் (தடுப்பூசியோடு சேர்த்து, காயத்திலேயே போடும் வெறிநோய் எதிர்ப்பு மருந்து) தேவையா என்று நீங்களே கேளுங்கள். நான் முதலில் போன இடத்தில் அதைப்பற்றி யாரும் சொல்லவில்லை, இரண்டாவது இடத்தில்தான் போட்டார்கள். சீட்டைப் பத்திரமாக வையுங்கள், ஒவ்வொரு தவணைக்கும் கேட்பார்கள். நடுவில் ஒன்றை விட்டுவிடாதீர்கள்.

பாம்பு வயலுக்கு எலி தேடி வருகிறது. கண்ணாடி விரியன் வைக்கோல் ஓரத்திலும் புல்லிலும் அசையாமல் கிடக்கும், காலடிச் சத்தத்துக்கு விலகிப் போகாது. பாதையின் நடுவில் ஓடுங்கள், புல் மூடிய இடத்தில் நடங்கள். கடித்தால் கட்டுப் போடாமல், கீறாமல், அசையாமல் உட்கார்ந்து 108-ஐக் கூப்பிட வேண்டும். பாம்பை அடித்துக் கொண்டுபோக வேண்டிய அவசியம் இல்லை.

9. நாலு பேர் சேர்ந்துவிட்டால்

தனியாகவோ ஐந்தாறு பேராகவோ ஓடியபோது கரையில் யாரும் எங்களிடம் அனுமதி கேட்டதில்லை. பேனர் கட்டி, எண் ஒட்டி, முப்பது பேர் ஓடலாம் என்று திட்டம் போட்டபோதுதான் ஆரம்பித்தது. ஒரு அலுவலகத்தில் கடிதம் கொடுத்தோம். பத்து நாள் கழித்து, அந்தக் கரை எங்கள் பிரிவில் வராது, பக்கத்துப் பிரிவு என்றார்கள். அங்கே போனால் போலீஸ் கடிதம் முதலில் வேண்டும் என்றார்கள். போலீஸில், கரைக்குரிய துறையின் கடிதம் முதலில் வேண்டும் என்றார்கள். தேதி தள்ளிப்போய் மழை வந்துவிட்டது.

அடுத்த வருடம் இப்படிச் செய்தோம், வேலை நடந்தது. ஆறு வாரம் முன்னாலேயே, ஒரே நாளில், மூன்று இடத்திலும் ஒரே கடிதம்: அந்தக் கரைப்பகுதி வரும் காவல் நிலையம், நீர்வளத்துறை உதவிப் பொறியாளர் அலுவலகம், ஊராட்சி. எந்தப் பிரிவு என்பதை லஸ்கரிடம் முன்பே கேட்டுக்கொண்டோம். கடிதத்தில் தேதி, தொடங்கும் முடியும் நேரம், தொடக்க மதகு, திரும்பும் மதகு, எத்தனை பேர், பொறுப்பாளர் இருவரின் எண், முதலுதவி ஏற்பாடு, குப்பையை நாங்களே அள்ளுவோம் என்ற ஒரு வரி. பின்னால் கையால் வரைந்த வரைபடமும் பொறுப்பாளர்களின் ஆதார் நகலும். நகலெடுக்கவும் அலைச்சலுக்கும் 300 ரூபாய்க்கு மேல் ஆகவில்லை.

ஒவ்வொரு இடத்திலும் உங்கள் பிரதியில் பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்தும் முத்திரையும் தேதியும் வாங்காமல் வெளியே வராதீர்கள். ஓட்டத்துக்கு இரண்டு நாள் முன் மறுபடி போய், தண்ணீர் திறப்பு ஏதும் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். முத்திரை குத்திய மூன்று பிரதியும் அன்று காலை தொடக்க மதகில் நிற்பவர் கையில் இருக்கட்டும், ஓடுகிறவர் கையில் வேண்டாம், வியர்வையில் முத்திரை அழிந்துவிடும்.